வெண்கல டிரைவர்

ஏறுங்க தம்பி, ஏறுங்க. பின் சீட்டுல தாம்பூலப் பை கெடக்குது பாருங்க, அதை அக்கட்டால தள்ளிப்போட்டு உக்காருங்க. பொள்ளாச்சியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றோம். பஸ்ஸு நின்னுபோச்சுங்களா? கிணத்துக்கடவுகிட்ட வந்து நிக்கறது இந்த ரூட்டு பஸ்ஸுக்குப் புதுசில்ல. கவலைப்படாதீங்க, உக்கடத்துல எறக்கி உட்டுடறோம். நான் சென்னியப்பன். இவ என்ர சம்சாரம் பூங்கொடி. கணபதியில கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கறனுங்க. 'பூங்கொடி கிரைண்டர்' கேள்விப்பட்டிருப்பீங்களே? இவ பேருதான். உங்க ஊட்டுல எந்தக் கிரைண்டரு? ஓ, அதா. சரி, அதுவும் ஓடும். ஓடற வரைக்கும் ஓடும்.

என்ன தம்பி, ஒரு மாதிரியாப் பாக்கறீங்க? பொம்பளை வண்டி ஓட்டறா, இவன் பக்கத்துல சாஞ்சு உக்காந்துட்டு வர்றானேன்னுதானே? எல்லாரும் கேக்கறதுதான். விசயம் என்னன்னா, நான் இன்டர்நேசனல் ரேஸ் டிரைவருங்க. சிரிக்காதீங்க, நெசமாலுந்தான். எங்களை மாதிரி ஆளுங்க ரோட்டுல ஓட்டக் கூடாதுங்க, கை கெட்டுப்போயிரும். அதுவுமில்லாம எங்க தெரு முக்குல ஒரு பால் பூத்து இருந்துச்சு. கொஞ்சம் ரோட்டுக்குள்ள தள்ளித்தான் வெச்சிருந்தாங்க, தப்பு அவங்க மேலதான். அதுக்கப்பறம் சாவியை இவ வாங்கி வெச்சுக்கிட்டா. நானும் சரின்னுட்டேன்.

பாத்து அம்மணி, பாத்து! லாரி! லாரி! அப்பாடா. பாத்தீங்களா தம்பி, இவ இப்படித்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு சந்து கெடைச்சாப் போதும், பூந்துருவா. நான் ரேஸ்லகூட இப்படிப் போனதில்லீங்க. என்னமோ, இவளுக்கு வண்டி ஓட்டவே வராது, நாந்தான் பொறுத்துக்கிட்டு வர்றேன்.

சரி, என்ன ரேஸுன்னு கேக்கறீங்களா? நீங்க டி.வி.யில பாக்கற மாதிரி ஒத்தை ஆளு உக்காந்துக்கிட்டு சர்ருனு சுத்தி முடிக்கற ரேஸு இல்லீங்க இது. தாக்குப்புடிக்கற ரேஸு. நாலு மணி நேரம் நிக்காம ஓட்டோணும். ஒரு காருக்கு ரெண்டு டிரைவரு. ஒருத்தன் ஓட்டி ஓஞ்சு உள்ள வருவான், பெட்ரோல் ஊத்தி, டயர் மாத்தி, அடுத்தவன் ஏறி உக்காந்து போவான். அதுலயும் ஒரே தடத்துல ரெண்டு வகைக் காரு ஓடும். ஒண்ணு தரையோட தரையாப் படுத்துக்கிட்டுப் போற ஸ்போர்ட்ஸ் காரு. இன்னொண்ணு எங்களுது, நாம ஊட்டுல வெச்சிருக்கறாப்பல கதவும் கூரையும் இருக்கற காரு, ஆனா உள்ள பூரா ரேஸுக்கு மாத்திக் கட்டினது. மலேசியாவுல ஒரு ரேஸு, தாய்லாந்துல ஒண்ணு, துபாய்ல ஒண்ணு, கடைசி மறுபடி மலேசியாவுல. போன சீசன் பூரா நான் போனனுங்க.

எப்படிப் போனேன்னு கேளுங்க. ஈப்போங்கற ஊருல நம்ம கிரைண்டருக்கு டீலரு இருக்காரு. அவரு புதுக் கடை தெறந்தப்ப நான் போய் மாவாட்டிக் காட்டிக்கிட்டு நிக்கறேன். அங்க வந்தாரு குணாளன். அந்த ஊருத் தமிழரு, நல்ல மனுசன். சின்னதா ஒரு ரேஸ் டீம் வெச்சிருக்காரு. அவங்க ஊருல காரைக் 'காடி'ங்கறாங்க, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா'வும் போடறாங்க. பேச்சுவாக்குல நானும் நம்மூரு செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல ஞாயித்துக்கெழமையானா ஓட்டுவேன், லைசென்சு இருக்குதுன்னு சொன்னேன். மனுசன் கண்ணு அப்படியே விரிஞ்சுபோச்சு. "அண்ணே, என் காடிக்கு ஒரு வெண்கலம் தேடிக்கிட்டு இருக்கேன் லா, நீங்க வர்றீங்களா"ன்னாரு.

வெண்கலம்னா என்னன்னா, டிரைவருங்களைத் தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க. தங்கம், வெள்ளி, வெண்கலம். ரேஸே பொழப்புன்னு இருக்கறவன் தங்கம். என்னை மாதிரி வேற தொழில் பண்ணிக்கிட்டு, உள்ளுக்குள்ள திறமையை வெச்சிருக்கறவன் வெண்கலம். ஒவ்வொரு காருலயும் கட்டாயம் ஒரு வெண்கலம் ஓட்டியே ஆகோணும், அதுவும் இத்தனை நேரம்னு கணக்கு இருக்குது. அது கொறைஞ்சா காரே செல்லாது. "உலகத்துல தங்கம் எத்தனை வேணாலும் கெடைக்கும் அண்ணே, நல்ல வெண்கலம் கெடைக்கறதுதான் கஷ்டம்"னாரு குணாளன். நான் ஓட்டி அவரு பாத்ததே இல்லீங்க. மாவாட்டறதைப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரு. அப்பறம் காரு கதவுல நம்ம கிரைண்டர் படத்தைப் பெருசா ஒட்டறதுன்னும் பேசி முடிச்சோம். அது தனி.

எங்க தங்கம் லூக்கான்னு ஒரு இத்தாலிக்காரப் பையன். ஒல்லி. அவனுக்கு சீட்டுல ஒரு மெத்தையைச் சொருகோணும், எனக்கு அதை உருவோணும். ஆள் மாத்தறப்ப அவன் எறங்கி என்னை உள்ள வெச்சு அமுக்கி, பெல்ட்டைப் போட்டு, இழுத்துக் கட்டுவான். மொத ரேஸ்ல எனக்கு மூச்சே நின்னுபோச்சு. பூங்கொடி என்னமோ சொன்னா, வயித்தைக் கொறைங்கன்னு. ரேஸுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? காருக்குள்ள சூடு தாங்காதுன்னு குடிக்கறதுக்கு ஒரு டியூப் வெப்பாங்க. எல்லாரும் தண்ணி ஊத்துவாங்க. நான் நீர்மோர் ஊத்தச் சொன்னேன். தாய்லாந்துல ஒரு கறிவேப்பிலை போய் டியூப்புல அடைச்சிக்கிச்சு. அதுல இருந்து வடிகட்டி ஊத்தறாங்க.

இப்ப என்ர திறமை என்னன்னு நானே சொல்லக் கூடாது. நடந்ததைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

ரேஸ்ல ஆபத்துன்னா எப்படித் தெரியுமுங்களா? ரெண்டு காரு முட்டிக்கும். ஒண்ணு உருண்டு தடத்துல கெடக்கும். எண்ணெய் கொட்டும். இல்லாட்டி மழை வந்து ஆத்துல போறாப்பலத் தண்ணி போகும். அப்ப மஞ்சக் கொடி காட்டி, கூரையில லைட்டுப் போட்ட ஒரு காரை முன்னால உடுவாங்க, சேஃப்டி காருன்னு பேரு. எல்லாக் காரும் அதுக்குப் பின்னால வரிசையா, ஒருத்தரை ஒருத்தரு தாண்டாம, மெதுவாப் போகோணும். கேக்கறதுக்கு சுளுவாத் தெரியும். மெதுவாப் போறதுதாங்க கஷ்டம். டயரு ஆறிப்போகும், முன்னால போறவன் திடீர்னு பிரேக் அடிப்பான். நெதானம் வேணும்.

அப்படி ஆபத்து வந்தா குணாளன் என்ன பண்ணுவாரு தெரியுமுங்களா? லூக்காவை உடனே உள்ள கூப்பிட்டுட்டு என்னை ஏத்தி உடுவாரு. ஒவ்வொரு வாட்டியும். அந்த மெதுவாப் போற நேரமும் வெண்கலக் கணக்குல சேந்துருமாம், அது தனி. "அண்ணே, ஓடுங்க ஓடுங்க, இப்ப உங்க நேரம்!" அவ்வளவு பெரிய தங்கம் பக்கத்துல இருக்கறப்ப, தடத்துல எண்ணெய் கொட்டிக் கெடக்கற நேரத்துல யாரை நம்பறாங்க பாருங்க. துபாய்ல நான் ஓட்டினதுல பாதிக்கு மேல சேஃப்டி காருக்குப் பின்னாலதான். வரிசையில எனக்கு முன்னால பின்னால பாத்தா, மத்த டீமுலயும் இதே மாதிரி வெண்கலங்களைத்தான் ஏத்தி உட்டிருந்தாங்க. அனுபவசாலிங்க பூரா ஒண்ணா ஊர்வலம் போனோம்.

ஆபத்து நீங்கி சேஃப்டி காரு ஒதுங்கினதும் என்னைக் கூப்பிட்டுக்குவாங்க. லூக்கா ஏறிக்குவான். சில சமயம் கொஞ்சம் தனியாவும் ஓட்ட உடுவாங்க. அப்ப குணாளன் ரேடியோவுல, "அண்ணே, இதே வேகம் போதும், இதுக்கு மேல வேண்டாம்"னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஏன்னு ஒருநாள் கேட்டேன். "நீங்க ரொம்ப வேகமா ஓட்டினா, மேல இருக்கறவங்க உங்களை வெள்ளியாக்கிடுவாங்க லா. அப்புறம் நான் வெண்கலத்துக்கு எங்க போவேன்?" நான் அதை வெளிய யாருகிட்டயும் சொல்றதில்லீங்க, பொறாமைப்படுவாங்க. உங்ககிட்ட சொல்றேன். அடக்கி வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் சீசன் பூரா. அந்த அடக்கம் எனக்கே சில நேரம் ஆச்சரியமா இருக்கும்.

என்ன பூங்கொடி, எதுக்கு இருமற? தண்ணி குடி. ஏசியைக் கொறைக்கட்டுமா?

ஆனா தம்பி, ஒரு மனக்குறை இருந்துச்சுங்க. கொடி.

ரேஸு முடியறப்ப கோட்டுல ஒருத்தரு நின்னு கருப்பும் வெள்ளையுமா கட்டம் போட்ட கொடியை வீசுவாரு. மொதலா வர்ற காருக்கு மட்டுமில்ல, பின்னால வர்ற ஒவ்வொரு காருக்கும் வீசுவாரு. அந்த நேரத்துல ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கறவன் தான் 'கொடி வாங்கினவன்'. போட்டோவுல அவன்தான் விழுவான். மூணு ரேஸ்லயும் கொடி வாங்கினது லூக்கா. நான் தடத்தோரம் டீமுக்காரங்க நிக்கற செவத்துகிட்ட நின்னு கை தட்டினேன். கை தட்டறது தப்பில்ல. ஆனா ஊருக்கு வந்தா? எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான், பூங்கொடிக்குத் தம்பி. ஒரு கல்யாணச் சீர்ல, அத்தனை சொந்தக்கார ஒறம்பரைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, "ஏனுங் மாமா, நீங்க அங்க காரு ஓட்டறீங்களா, இல்ல கிரைண்டரு விக்கறீங்களா? போட்டோவுல பூரா எவனோ ஒல்லிப் பையனில்ல இருக்கறான்"னான். பந்தியே சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுப்போட்டு கை கழுவப் போனவன் அங்கயே கொஞ்ச நேரம் நின்னேன். எனக்கு வயசு அம்பத்தாறு. சின்னப் புள்ளையில இருந்து இந்த ஒரு ஆசைதான். தொழிலு, புள்ளைங்க கல்யாணம்னு எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு இதுக்கு வந்தவன். ஒரே ஒரு தடவை அந்தக் கொடி என் கண்ணு முன்னால வீசோணும். அவ்வளவுதான்.

கடைசி ரேஸுக்கு குணாளன்கிட்ட நேராவே கேட்டேன். "இந்த வாட்டி கடைசியில நான் ஓட்டறேன், கொடியை நான் வாங்கிக்கறேன்." அவரு, "பாக்கலாம் அண்ணே"ன்னாரு. பாக்கலாம்னு சொல்லிட்டாரே, அப்பறம் என்ன? பூங்கொடியைக் கூப்பிட்டேன். "அம்மணி, இதுவரைக்கும் நீ ஒரு ரேஸுக்கும் வந்ததில்ல. இதுக்கு வா. நான் கொடி வாங்கறதை உன் கண்ணால பாத்து உன் தம்பிகிட்டச் சொல்லு." அவ மொதல்ல, நீங்க ஓட்டறதை நான் கல்யாணம் ஆனதுல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கறேன்னா. அப்பறம் என் மூஞ்சியைப் பாத்தாளா என்னவோ, பெட்டியைக் கட்டிட்டா.

மலேசியாவுல எறங்கி டிராக்குக்குப் போனோம். ரேஸு தொடங்கறதுக்கு முன்னால குணாளன் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு திட்டம் சொன்னாரு. மொத ஆளா லூக்கா, நடுவுல நான், கடைசியில மறுபடி லூக்கா. "இன்னிக்கு நம்ம காடிக்கு நம்ம வகையில மூணாவது எடம் கெடைக்கற வாய்ப்பு இருக்குது லா. எட்டு வருசமா டீம் நடத்தறேன், ஒரு கோப்பை இல்ல. அண்ணே, மன்னிச்சுக்குங்க. கொடி அடுத்த சீசன்." நான் "அதுக்கென்ன, டீமுதான் முக்கியம்"னு சொல்லிப்போட்டு, டயருங்களை அடுக்கி வெச்சிருந்த எடத்துக்குப் பின்னால போயிட்டேன். தம்பி, மறைக்கறதுக்கு என்ன இருக்குது, அழுதுட்டனுங்க. ஹெல்மெட்டுக்குள்ள போடற துணி இருக்குதில்ல, அதுல மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு நிக்கறேன், பூங்கொடி வந்துட்டா. "ஏனுங்க, அழறீங்களா?" "இல்ல, வேர்வை."  என் தோள்ல இருந்த தூசியைத் தட்டி உட்டுப்போட்டுப் போயிட்டா.

அதுக்கப்பறம் இவளுக்கு எங்கிருந்து வந்துச்சோ அக்கறை. குணாளன் பக்கத்துல செவத்தோரம் ஒரு ஸ்டூலு போட்டு உக்காந்துக்கிட்டு, அது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். காதுல மாட்டறதுக்கு அவளுக்கும் ஒரு ஹெட்போனு குடுத்திருக்காங்க. ஊட்டுல டி.வி. ரிமோட்டுல ஒரு பட்டனை அழுத்தச் சொன்னா என்னைக் கூப்பிடறவ. நான் நெனைச்சுக்கிட்டேன், பரவால்ல, நம்ம ரேஸு இவளையும் புடிச்சுக்கிச்சுன்னு.

ரேஸு தொடங்கிச்சு. லூக்கா பறந்தான். என் முறை வந்துச்சு, நான் கொஞ்சம் ஓட்டினேன். எங்க எடம் கொஞ்சம் எறங்குச்சு, அது சகஜம். மறுபடி லூக்கா ஏறி எல்லாத்தையும் புடிச்சு மூணாவதுக்குக் கொண்டாந்துட்டான். ரேஸு முடியப்போற நேரம். வெண்கலம் ஓட்டியே ஆகோணுங்கற கணக்குல எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருந்துச்சு. குணாளன் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அந்த நேரம் பாத்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரு மண்ணுல போயிப் பொதைஞ்சுபோச்சு. மஞ்சக் கொடி. சேஃப்டி காரு. மத்த காரெல்லாம் பெட்ரோலுக்கு உள்ள பூந்துருச்சு.

"அண்ணே! உங்க நேரம்!"

ஓடினேன். லூக்கா என்னை அமுக்கினான். பெல்ட்டை இழுத்தான். வெளிய வந்தா, எங்க வகையில எங்களுது மூணாவதா வரிசையில நிக்குது. ஆபத்துன்னா சென்னியப்பன்தானே. சேஃப்டி காருக்குப் பின்னால நெதானமா, அலுங்காம கொண்டுபோனேன். ரேடியோவுல குணாளன், "அருமை அண்ணே, இன்னும் ஒரு சுத்து போதும், உங்க கணக்கு முடிஞ்சிடும். முடிஞ்சதும் நான் சொல்றப்ப உள்ள வந்துடுங்க, லூக்கா ரெடியா இருக்கான். சரியா? நான் சொன்னதும்..."

அவ்வளவுதானுங்க. ரேடியோ செத்துப்போச்சு.

எனக்கு ஒண்ணும் புரியலை. "குணாளன், குணாளன்"னு கூப்பிடறேன், பதிலே இல்ல. அவரு சொன்னதும் வரச் சொன்னாரு. அவரு சொல்லவே இல்லியே? டிரைவரு சொந்தமா முடிவெடுத்து உள்ள போகக் கூடாதுங்க, அது ஒழுங்கு. சேஃப்டி காரு ஒதுங்கிடுச்சு. பச்சைக் கொடி. எல்லாவனும் வெறி புடிச்ச மாதிரி கெளம்பிட்டான்.

செவத்தோரம் ஒவ்வொரு டீமும் ஒரு பலகை காட்டும், ரேடியோ இல்லாட்டி அதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். நான் நேர்கோட்டுல வர்றப்ப எங்க பலகையைத் தேடறேன். பாத்தா, பூங்கொடி! செவத்து மேல பாதி ஏறி நின்னுக்கிட்டு, சேலைத் தலைப்பை ரெண்டு கையாலயும் அகலமா விரிச்சு ஆட்டறா. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ என்னைப் பாத்து அவ்வளவு சந்தோசமா கை ஆட்டினதில்லீங்க. அவளுக்குப் பின்னால குணாளன் பலகையைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதிக்கறாரு. என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியலை, சேலை மறைச்சுருச்சு. அடுத்த சுத்துலயும் அப்படியே. அதுக்கடுத்த சுத்துலயும். அவரு எந்தப் பக்கம் போறாரோ, இவளும் அந்தப் பக்கம். ஆர்வம்! என்னைப் பாக்கற ஆர்வம்!

அப்பறம் நான் ஓட்டினேன் பாருங்க தம்பி. அது ஓட்டம். பின்னால வந்தவன் பூராவும் பெட்ரோல் போடறப்பவே ஆளையும் மாத்திக்கிட்டான் போல, தங்கங்களா வந்தாங்க. ஒருத்தன் தாண்டினான். சரி போ. இன்னொருத்தன் லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சான். போ சாமி, போ. நான் பதறலை. வளைவுல வளைவுக்கு ஏத்தாப்பல, நேர்ல நேருக்கு ஏத்தாப்பல. ஒரு தரம் கொஞ்சம் புல்லுல போய் வந்தேன், அதைக் கணக்குல சேக்க வேண்டாம்.  இன்னும் யாரும் என்னைக் கூப்பிடலை. இன்னும் கூப்பிடலை. கடைசிச் சுத்துன்னு பலகை போட்டாங்க, அது ரேஸ்காரங்க போட்ட பெரிய பலகை. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. ஆகா, லூக்கா ஏறலை. நான்தான் இருக்கறேன். நான்தான்!

கடைசி வளைவு. நேர்கோடு. அங்க ஒரு வெள்ளைச் சட்டைக்காரரு மேடையில நிக்கறாரு. கையில கட்டம் போட்ட கொடி. என்னைப் பாத்து வீசறாரு. என்னை! நான் கத்திட்டனுங்க. என்ன கத்தினேன்னு தெரியலை. அம்மான்னேனோ, முருகான்னேனோ. ஹெல்மெட்டுக்குள்ள கண்ணுத் தண்ணி மூக்கு வழியா எறங்குது, தொடைக்க முடியலை, பெல்ட்டு இறுக்கிக் கட்டியிருக்குது. பெரிய சந்தோசம் தம்பி. இதைவிடப் பெருசா என்ர வாழ்க்கையில ஒண்ணும் இல்லீங்க. புள்ளைங்க பொறந்தது இருக்குது, சரி, அதுக்கு அடுத்து இதுதான்.

எத்தனாவதுங்களா? ஏழாவது. அது கணக்கு தம்பி, கணக்கை உடுங்க. கொடி வாங்கினது யாரு?

உள்ள வந்து எறங்கினா, குணாளன் ஒரு டயரு மேல உக்காந்து தலையில கையை வெச்சுக்கிட்டு அழறாரு. தோளு குலுங்குது. எட்டு வருசமா டீம் நடத்தற மனுசன், தன்னோட வெண்கலம் கொடி வாங்கறதைப் பாத்தா உணர்ச்சிவசப்படத்தானே செய்வாரு. நான் போய்க் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.  லூக்காப் பையன் என்னைப் பாத்தான், பூங்கொடியைப் பாத்தான், என்னமோ புரிஞ்ச மாதிரி உழுந்து உழுந்து சிரிச்சான். அவளுக்குக் கையைக் குடுத்துக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினான். அவளுக்கு எதுக்குக் குடுக்கறான்? கொடி வாங்கினது நானு. சரி, பையன் ஏதோ நெனைப்புல இருந்தான்.

அப்பறம்தான் வெவரம் தெரிஞ்சுது. ரேடியோப் பொட்டியில ஒரு ஒயரு கழண்டுபோச்சாம். குணாளன் எவ்வளவோ கத்தியிருக்காரு, எனக்குக் கேக்கவே இல்ல. பொட்டி பூங்கொடி ஸ்டூலுக்குக் கீழதான் இருந்துச்சு, அவளைக் கேட்டா எனக்கென்னங்க தெரியும்னா. பாவம், அவளுக்கு ஒயரும் தெரியாது, பொட்டியும் தெரியாது. கம்பெனியில மோட்டாரு டெஸ்டிங் செக்சனை மட்டுந்தான் பாத்துக்கறா. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு, இது மருதமலை முருகன் வேலை. ஊருக்கு வந்ததும் மொத வேலையா, மடப்பள்ளிக்கு ஒரு கிரைண்டரு கொண்டுபோய் எறக்கிட்டனுங்க. இவளும் கூட வந்தா. கும்புடறப்ப சிரிக்கறா. சாமி முன்னால என்ன சிரிப்பு?

ஆனா அன்னிக்குச் சாயங்காலம் இவ குணாளனைத் தனியாக் கூட்டிட்டுப் போய் ரொம்ப நேரம் பேசினா. தூரத்துல இருந்து பாத்தேன், கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு நிக்கறா. மொதல்ல அவரு தலையை ஆட்டினாரு, அப்பறம் அவரும் சிரிச்சுட்டாரு. என் வீட்டுக்காரரை நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு நன்றி சொல்லியிருப்பா. திரும்பி வந்து என்ன சொன்னா தெரியுமுங்களா? வர்ற சீசனும் கதவுல நம்ம கிரைண்டரு படம் இருக்கட்டும், கூரையிலயும் ஒட்டச் சொல்லியிருக்கறேன்னா! ரேஸுன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்கறவ. நான் கேக்கவே இல்ல, அவளாச் சொன்னா. பாத்தீங்களா, அவளுக்கே ஆசை வந்துருச்சு. ஒரே ஒரு நிபந்தனை. வர்ற சீசன்ல கொடியை லூக்காவுக்கு உட்டுக் குடுத்துறோணுமாம். உட்டுக் குடுத்துட்டாப் போச்சு. நமக்கு ஒண்ணு கெடைச்சாச்சு. போட்டோவைப் பெருசாப் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கறேன். மச்சானைக் கூப்பிட்டு அதுக்குக் கீழதான் உக்கார வெச்சுக் காப்பி குடுத்தேன்.

அட, உக்கடம் வந்துருச்சா? அதுக்குள்ளயா? என்ன ஓட்டு ஓட்டியிருக்கா பாருங்க. எறங்குங்க தம்பி, பையை மறந்துறாதீங்க. ஒரு தாம்பூலப் பையும் எடுத்துக்குங்க. அட, ஒரு நிமிசம். ஒண்ணை உட்டுப்போட்டேன்.

கொடி வாங்கினதுக்கப்பறம் ஒரு சுத்து மெதுவா வரோணுமுங்க. எஞ்சினு சத்தம் கொறைஞ்சுபோச்சு. வழி நெடுக நிக்கற கொடிக்காரங்க எல்லாம் கை தட்டறாங்க. நான் ஒத்தையில வந்துக்கிட்டிருக்கறேன். அப்ப அந்தச் செத்துப்போன ரேடியோ 'கர்ர்'ங்குது. குணாளன் இல்லீங்க. பூங்கொடி. அவளுக்கு அந்தப் பட்டனை அமுக்கி எப்படிப் பேசத் தெரிஞ்சுதோ. "ஏனுங்க... பாத்துட்டனுங்க. கொடி உங்களுக்குத்தான் வீசினாங்க. நான் நல்லாப் பாத்துட்டேன். மெல்ல வாங்க"ன்னா. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. அவ சொன்ன மாதிரியே மெல்லத்தான் வந்தேன்.

அத்தனை நேரமும் செத்துக் கெடந்த ரேடியோ, சரியா கொடி விழுந்ததும் வேலை செய்யுது பாருங்க. எந்த நேரத்துல புடுங்கோணும், எந்த நேரத்துல மாட்டோணும்னு முருகனுக்குத் தெரிஞ்சிருக்குது.

ஏம் பூங்கொடி, நான் இப்ப என்ன சொல்லிப்போட்டேன்னு இப்படிச் சிரிக்கற? கண்ணை வேற தொடைச்சுக்கற. பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கறான் பாரு. எடு, வண்டியை எடு.